பதினான்காம் பக்கத்து வரி

அலுவலகத்தில் அவளுக்குக் கோந்து என்று பெயர். நேருக்கு நேர் மேடம் என்பார்கள்; முதுகைத் திருப்பியதும் கோந்து. ஒன்றுக்கொன்று முகம் கொடுத்துப் பேசாத ஆறு துறைகளைப் பிடித்து ஒரே மேசையில் ஒட்டவைப்பது அவள் வேலை என்பதால் வந்த பெயர். அது அவள் காதுக்கு எட்டாமலில்லை. கோபம் வரவில்லை. உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பதவியின் பெயர் பருவநிலை மாற்றத் தகவமைப்பு ஒருங்கிணைப்பாளர். கதவுப் பலகையில் அது மூன்று வரி பிடித்தது. அவ்வளவு நீளப் பதவிக்குக் கீழே ஒரு ஆள் கிடையாது, ஒரு காரும் அதற்கு ஒரு டிரைவரும்தான். யாருக்கும் உத்தரவு போட முடியாது. சுகாதாரம், சாலை, மின்சாரம், குடிநீர், தொழிலாளர், கல்வி என்று ஆறு துறைகளுக்கும் கடிதம் எழுதலாம், கூட்டத்துக்குக் கூப்பிடலாம், வராவிட்டால் போய்க் கெஞ்சலாம். ஒன்பது வருடமாக அதைத்தான் செய்துவந்தாள்.

கோடை வருடத்துக்கு வருடம் கொடுமையாகிக்கொண்டு வந்தது. அதை ஊர் எப்படித் தாக்குப்பிடிப்பது என்று அவள் எழுதிய எண்பது பக்கத் திட்டம், பதினோரு மாதமாக ஒரே பக்கத்தில் மாட்டிக்கொண்டு கிடந்தது. தண்ணீர்த் தொட்டிகளை எங்கே வைப்பது, எந்தப் பள்ளிக்கூடத்தைப் பகலில் ஓய்விடமாகத் திறந்துவிடுவது, எந்த நேரத்தில் மின்வெட்டு கூடாது, எல்லாவற்றுக்கும் ஒருவழியாகத் தலையாட்டிவிட்டார்கள். பதினான்காம் பக்கத்தில்தான் யாரும் பிடி கொடுக்கவில்லை. ஒருவர் வெயிலால் இறந்தார் என்று எப்போது சொல்வது என்பதுதான் அந்தப் பக்கம்.

வெறும் புள்ளிவிவரத்துக்காகக் கேட்ட கேள்வி இல்லை அது. ஒரு கோட்டத்தில் ஒரே வாரத்தில் மூன்று வெயில் மரணங்கள் பதிவானால், அந்தக் கோட்டம் முழுவதும் பன்னிரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை திறந்தவெளி வேலையை நிறுத்திவிட வேண்டும் என்று அதே பக்கத்தில் இருந்தது. முதலில் அவள் அப்படி எழுதவில்லை. ‘வெப்பம் நாற்பத்திரண்டு டிகிரியைத் தொட்டால்’ என்றுதான் எழுதியிருந்தாள். சாலைத் துறைப் பொறியாளர் வாய்விட்டுச் சிரித்தார்.

“அதுக்கு வருஷத்துல மூணு மாசம் ரோடே போடாதீங்கன்னு நேரா சொல்லிடுங்க மேடம். மிச்ச மாசம் மழை. அப்புறம் எங்க டிபார்ட்மெண்ட் எதுக்கு?”

பேசிப் பேசி, இழுத்துப் பிடித்து, நாற்பத்திரண்டு டிகிரி மூன்று சாவாக மாறியது. அதுவே பெரிய வெற்றி என்று அவள் நினைத்தாள். பிறகு சாவு என்றால் எது சாவு என்பதில் வந்து நின்றது.

சுகாதாரத் துறையின் பெரிய டாக்டர், கோடையில் செத்தவர்களையெல்லாம் வெயிலில் செத்ததாக எழுதினால் ஆஸ்பத்திரியைத்தான் குற்றம் சொல்வார்கள் என்றார். தொழிலாளர் துறைக்காரர் முதலாளிகள் சண்டைக்கு வருவார்கள் என்றார். மின்சாரத் துறையிலிருந்து வந்தவர், கரண்ட் போன நேரத்தில் செத்தான் என்று கிளம்புவார்கள், எங்களை விட்டுவிடுங்கள் என்று இரண்டு கையையும் தூக்கிவிட்டார். குழுவின் தலைவரான செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.

“ஒரு வரிம்மா. ஒரே ஒரு வரி. அதைக்கூட உங்களால எழுத முடியலைன்னா இந்தத் திட்டத்தைத் தூக்கி அலமாரியில வெச்சிடலாம்.”

பத்து நிமிடம் டைம் கேட்டுக்கொண்டு அவள் வராந்தாவுக்கு வந்தாள். சுவரில் காகிதத்தை வைத்து எழுதினாள். ‘அரசு மருத்துவமனையில், உயிருடன் இருக்கும்போது எடுக்கப்பட்ட உடல் வெப்பநிலை நாற்பது டிகிரிக்கு மேல் பதிவாகி, அதன் பின் நேரும் மரணமே வெப்ப மரணம் எனக் கொள்ளப்படும்.’ எழுதும்போதே அவளுக்குத் தெரியும், இது ரொம்பக் குறுகலான வாசல் என்று. முதலில் திட்டம் உயிரோடு வெளியே வரட்டும், அடுத்த வருடம் வாசலை அகலப்படுத்திக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

உள்ளே போய்ப் படித்தாள். தாள் மேசையைச் சுற்றி வந்தது. பிறகு பெரிய டாக்டர் பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போட்டு மூடும்போது சொன்னார், “நல்ல வரி மேடம். யாருக்கும் தொந்தரவு இல்லை.” இருபது நிமிடத்தில் ஆறு கையெழுத்தும் விழுந்துவிட்டன. அன்றைக்கு அவள் அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் அவள் வீட்டுக்கு வந்தான். அவளைவிட ஐந்து வயது மூத்தவன். தங்கையைப் படிக்கவைக்க ஓடாய்த் தேய்ந்த அண்ணன் என்றெல்லாம் அவனைப் பற்றிச் சொல்ல முடியாது. அவள் காலேஜுக்குப் போன சைக்கிளை விற்று ஒரு வாரம் சினிமா பார்த்தவன். எந்த வேலையிலும் ஆறு மாதம் தங்காமல் திரிந்து, கடைசியில் தார் ரோடு போடுகிற கூட்டத்தில் போய்ச் சேர்ந்தான். என்ன மாயமோ, அங்கே இருபது வருடம் நிலைத்துவிட்டான். அண்ணியும் அதே கூட்டத்தில் ஜல்லி சுமப்பவள். அங்கேதான் பார்த்தார்கள், அங்கேதான் முடிவு செய்தார்கள், வீட்டுக்குச் சொன்னது அப்புறம்தான்.

சோபா இருக்க, அவன் தரையில் மின்விசிறிக்கு நேர் கீழே கால் நீட்டி உட்கார்ந்தான். நகக்கண்ணில் தார் எப்போதும் போல இருந்தது.

“என்ன பாப்பா, மூஞ்சியில பல்பு எரியுது?”

நாற்பத்தாறு வயதில் அவளைப் பாப்பா என்று கூப்பிட அவன் ஒருவன்தான் இருந்தான். அவள் திட்டம் நிறைவேறியதைச் சொன்னாள். ஆறு பேரும் முறைத்துக்கொண்டு உட்கார்ந்ததையும், வராந்தாவில் நின்று எழுதியதையும் நடித்தே காட்டினாள்.

“ஆறு டிபார்ட்மெண்டையும் ஒண்ணா உக்கார வெச்சிட்டியா! நானும் உங்க அண்ணியும் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டு மாசம் ஆச்சு” என்றான். பிறகு, “சரி, இதுல எனக்கு என்ன? மத்தியானம் வேலையை நிறுத்துவாங்களா?”

“ஒரே வாரத்துல மூணு பேர் செத்ததா பதிவானா நிறுத்தணும்.”

அவன் யோசிப்பது போல மோவாயைச் சொறிந்தான். “அப்போ நாலாவது ஆளா நின்னுக்கறதுதான் புத்திசாலித்தனம்.”

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

கோடை வந்தது. வந்த வேகத்தில் நாற்பத்து மூன்று, நாற்பத்து நான்கு என்று ஏறி அங்கேயே கூடாரம் அடித்துவிட்டது. திட்டப்படி தொட்டிகள் வைத்தார்கள், பள்ளிக்கூடங்களைத் திறந்தார்கள், எல்லோருடைய போனுக்கும் எச்சரிக்கை போயிற்று. வியாழக்கிழமை தோறும் குழு கூடியது. முதல் பொருள், பதிவான மரணங்கள். பெரிய டாக்டர் தலையைக்கூட நிமிர்த்தாமல் “இல்லை” என்பார். அவள் குறிப்பில் ‘இல்லை’ என்று எழுதுவாள். அடுத்த பொருளுக்குப் போவார்கள்.

நாலாவது வாரம் ஆம்புலன்ஸ் கணக்கைப் பார்த்தபோது அவளுக்கு நெருடியது. போன வருடத்தைப் போல இரண்டு மடங்கு ஓட்டம். டாக்டரைத் தனியாகக் கேட்டாள்.

“சர்க்கரை, பிரஷர், வயசு. ஜனங்களுக்கு வியாதி கொஞ்சமா?” என்றார் அவர்.

அவள் மேலே கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த ‘இல்லை’ அவளுக்கும் இனித்தது. திட்டம் போட்டோம், ஒரு சாவுகூட இல்லை என்று எண்ணிக்கொள்ளப் பிடித்திருந்தது. செயலாளர் மேலிடத்துக்கு அதை வைத்து அறிக்கை அனுப்பினார். அதில் அவள் பெயரும் இருந்தது. அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டாள்.

ஆறாவது வாரம் செவ்வாய்க்கிழமை, பகல் மூன்று மணிக்கு, குடிநீர்த் துறைக்காரரோடு லாரிக் கணக்கில் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. அண்ணன் கூட்டத்தின் மேஸ்திரி.

“அம்மா, அண்ணனுக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டாந்திருக்கோம். நீங்க வாங்க.”

“ஒரு மாதிரின்னா?”

“வாங்கம்மா” என்றான் அவன். அந்தக் குரலிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது.

நடந்ததை மேஸ்திரி ஆஸ்பத்திரி வாசலில் சொன்னான். புறவழிச் சாலையில் வேலை. மரம் மட்டை கிடையாது. மேலே வெயில், கீழே கொதிக்கிற தார். இரண்டு மணிக்கு அண்ணன் ஜல்லி பரப்பும் கொத்துவாரியலைக் கீழே போட்டுவிட்டு ரோலர் நிழலில் போய் உட்கார்ந்திருக்கிறான். ஏதோ பழைய சைக்கிளைப் பற்றிச் சம்பந்தமில்லாமல் பேசியிருக்கிறான். தொட்டால் சுட்டது, ஆனால் ஒரு சொட்டு வேர்வை இல்லை. தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். ஆம்புலன்ஸ் வேறு இடத்தில் இருக்கிறது, முக்கால் மணி நேரம் ஆகும் என்றதும் ஜல்லி லாரியிலேயே ஏற்றிவிட்டார்கள். அண்ணி மடியில் தலையை வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். ஆஸ்பத்திரி கேட்டுக்கு ஒரு திருப்பம் இருக்கும்போது மூச்சு நின்றுவிட்டது.

அவசரப் பிரிவு டாக்டருக்கு முப்பது வயதுகூட இருக்காது. தூங்காத கண். மாரடைப்பு, கொண்டுவரும்போதே உயிரில்லை என்று எழுதியிருந்தான்.

“இது வெயிலால வந்தது டாக்டர். ஊரே பார்த்திருக்கு” என்றாள்.

“எனக்கும் தெரியும் மேடம்.”

“டெம்பரேச்சர் பார்த்தீங்களா?”

“பார்த்தேன். நாற்பத்திரண்டரை.”

“அப்புறம் என்ன? எழுதுங்க.”

அவன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகியிருந்த தாளை அவள் பக்கமாகத் திருப்பிக் காட்டினான். பதினான்காம் பக்கம். ஒரு வரிக்கு அடியில் யாரோ சிவப்பு மையில் கோடு இழுத்திருந்தார்கள்.

“உயிரோட இருக்கும்போது எடுத்திருக்கணும் மேடம். இது செத்தப்புறம் எடுத்தது. இந்த மாசத்துல மட்டும் இப்படி ஒன்பது பத்து பேர் என் கையால மாரடைப்பு ஆயிட்டாங்க. நான் மாத்தி எழுதினா பெரிய டாக்டர் திருப்பி அனுப்புவார். இதை எழுதினவங்க ரொம்ப யோசிச்சுத்தான் எழுதியிருக்காங்க. எந்தப் பக்கமும் ஓட்டை இல்லை.”

எழுதியது யாரென்று அவனுக்குத் தெரியாது. அவள் சொல்லவும் இல்லை. மாரடைப்பு என்று எழுதிய தாளை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

எல்லாம் முடிந்த ஐந்தாம் நாள் அண்ணன் வீட்டில் தார் ரோட்டுக் கூட்டத்து ஆட்கள் நாலைந்து பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒற்றை அறை, தகரக் கூரை. உட்காரவே முடியாத புழுக்கம். பேச்சுவாக்கில் மேஸ்திரி சொன்னான், அண்ணனுக்கு முந்தின வாரமே இந்தக் கோட்டத்தில் ஆட்கள் இறந்திருக்கிறார்கள் என்று. கால்வாய் தோண்டுகிற ஒருவர், மயக்கமாக வருகிறது என்று வீட்டுக்குப் போய்ப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. கட்டட வேலை செய்த ஒரு பெண், பக்கத்திலிருந்த தனியார் கிளினிக்கில் போய்விட்டாள். மூட்டை தூக்கும் ஒருவரை ஆட்டோவில் கொண்டுபோகும்போதே முடிந்துவிட்டது.

அவள் மனதுக்குள் எண்ணினாள். ஒருவர் வீட்டில், ஒருவர் தனியார் கிளினிக்கில், ஒருவர் வழியில். மூன்று பேர். ஒரே கோட்டம், ஒரே வாரம். அந்த மூன்றும் பதிவாகியிருந்தால் செவ்வாய்க்கிழமை மத்தியானம் புறவழிச் சாலையில் ஒரு ஆள் இருந்திருக்கமாட்டான்.

ஆட்கள் கிளம்பிப் போனதும் அண்ணியிடம் அதைச் சொல்லிவிட வேண்டும் என்று அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். “அண்ணி, அந்த வரியை எழுதினது…”

“தெரியும்” என்றாள் அண்ணி. சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். “அன்னைக்கு உன் வீட்ல இருந்து வந்து சொன்னாரு. என் தங்கச்சி ஒரே வரியில ஆறு பேரையும் மடக்கிப் போட்டுட்டான்னு கூட்டத்துல எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரிஞ்சாரு. நாலாவது ஆளா நிக்கணும்னு அவரு விட்ட ஜோக்கையும் சொன்னாரு. எல்லாரும் சிரிச்சோம்.”

ஆட்கள் குடித்துவிட்டு வைத்த டம்ளர்களை அவள் எடுத்து அடுக்கினாள்.

“திங்கக்கிழமையில இருந்து நான் வேலைக்குப் போறேன்” என்றாள் அண்ணி. “வீட்ல உக்காந்திருந்தா மட்டும் குளுகுளுன்னா இருக்கு? நீ எனக்காக ஒண்ணு பண்ணு. அவருக்குன்னு எதையும் கேக்கல. அவரு போயிட்டாரு. மத்தியான வேலையை மட்டும் நிறுத்தச் சொல்லு.”

வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு அவள் ஒரு தாளைத் தயார் செய்துகொண்டு போனாள். பதினான்காம் பக்கத்தில் நாலைந்து வார்த்தைகளை நீக்க வேண்டும். அரசு மருத்துவமனையில் என்பது வேண்டாம், உயிருடன் இருக்கும்போது என்பது வேண்டாம். அவ்வளவுதான். படித்து முடித்ததும் முதலில் எல்லோரும் துக்கம் விசாரித்தார்கள். கல்வித் துறைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்புறம் பெரிய டாக்டர் தொண்டையைச் செருமினார். “ஆறு வாரமா இல்லை இல்லைன்னு எழுதி அனுப்பியிருக்கோம். இப்ப வரியை மாத்தினா அதெல்லாம் என்ன ஆகும்? பொய் சொன்னோம்னு ஆயிடாதா?”

“பொய்தானே சார்” என்றாள் அவள்.

சாலைத் துறைப் பொறியாளர், புறவழிச் சாலைத் திறப்புக்குத் தேதி குறித்தாகிவிட்டது என்றார். தொழிலாளர் துறைக்காரர், ஆறு பேரும் கையெழுத்துப் போட்டதை ஆறு பேரும் சேர்ந்துதான் மாற்ற முடியும், அவசரப்படக் கூடாது என்றார். மற்றவர்கள் ஆமாம் என்றார்கள். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக, கோந்து இல்லாமலே ஆறு துறையும் கெட்டியாக ஒட்டிக்கொண்டன.

செயலாளர் குரலைத் தாழ்த்தினார். அன்பாகத்தான் பேசினார். “பாருங்கம்மா. இதுல செத்தது உங்க சொந்த அண்ணன். சொந்த விஷயம் சம்பந்தப்பட்ட பொருள்ல நீங்க பேசவே கூடாதுங்கிறது விதி. உங்க நல்லதுக்குச் சொல்றேன், இந்தத் தாளை நீங்க கொடுக்கல, நாங்க வாங்கல. அடுத்த வருஷம் மறு ஆய்வு வரும்போது பார்த்துக்கலாம்.”

அன்றைய குறிப்பிலும் முதல் பொருளுக்கு நேரே ‘இல்லை’ என்று எழுதினாள். அவள் கைதான் எழுதியது.

வரியை மாற்ற முடியாது என்றால், வரிக்குள் ஆட்களைக் கொண்டுவர வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. மறுநாளே அந்தக் கோட்டத்தில் இருக்கிற மேஸ்திரிகள் எல்லோருடைய நம்பரையும் தேடிப் பிடித்துப் போன் செய்தாள். யாருக்காவது தலை சுற்றினாலும் உடனே தனக்குச் சொல்ல வேண்டும், காத்திருக்கக் கூடாது, வீட்டுக்கு அனுப்பக் கூடாது, தனியார் கிளினிக் கூடாது. தன் காரையே அனுப்பினாள். அவசரப் பிரிவு இளைய டாக்டரிடம் போய், வாசலிலேயே ஒரு நர்ஸ் வெப்பமானியோடு நிற்க ஏற்பாடு செய்தாள். அவன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். அந்த வரியை எழுதியது அவள்தான் என்று அதற்குள் அவனுக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

அதனால் பிழைத்தவர்களும் உண்டு. சீக்கிரம் வந்ததால் ஐஸ் வைத்து, ஊசி போட்டு, பதினொரு பேர் எழுந்து நடந்து போனார்கள். சனிக்கிழமை வந்த ஒருவர் பிழைக்கவில்லை. வாசலில் எடுத்த அளவு நாற்பத்தொன்று. முதல் மரணம் பதிவானது. செவ்வாய்க்கிழமை இன்னொருவர். இரண்டு.

வியாழக்கிழமை காலை செங்கல் சூளை ஆள் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். நாற்பத்தொன்றரை. நினைவு இல்லை. சனிக்கிழமையிலிருந்து எண்ணினால் அன்று ஆறாவது நாள். அடுத்த நாள் மாலையோடு வாரம் முடிகிறது, முடிந்தால் முதல் சாவு கணக்கிலிருந்து கழன்றுவிடும்.

கூட்டம் முடிந்ததும் அவள் நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள். வார்டின் கோடிக் கட்டிலில் அந்த ஆள் கிடந்தார். ஐம்பது வயது இருக்கும். கட்டிலோரம் அவர் மனைவி, எக்ஸ்ரே உறையை வைத்து விசிறிக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

“கார் அனுப்பினது நீங்கதானாம்மா? உங்க புண்ணியத்துலதான் உயிரு இருக்கு. பொழைச்சுக்குவாராம்மா?”

“டாக்டர் என்ன சொல்றார்?”

“நாளைக்கு வரைக்கும் தாங்கிட்டா பயமில்லைன்னாரு.”

நாளைக்கு வரைக்கும். அவள் கட்டிலின் கால்மாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அட்டையில் எழுதியிருந்த எண்களைப் பார்த்தாள். நாடி, ரத்த அழுத்தம், சிறுநீர் போகவில்லை. நாளை மாலைக்குள் என்றால் வெள்ளிக்கிழமையே உத்தரவு போட்டுவிடலாம், சனிக்கிழமை மத்தியானம் அண்ணி ஜல்லி தூக்க வேண்டியதில்லை. இந்தக் கோட்டத்தில் நாலாயிரம் பேர் தூக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு ஆள். எப்படியும் பாதி போய்விட்ட ஆள். அந்தப் பெண் விசிறிக்கொண்டே இருந்தாள். தான் என்ன நினைத்துக்கொண்டு நிற்கிறோம் என்பது சற்றுப் பொறுத்துத்தான் அவளுக்கு உறைத்தது. உறைத்த பிறகும் நினைப்பு நிற்கவில்லை. அதுதான் அவளைக் கலக்கியது.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு இளைய டாக்டர் போன் செய்தான். “மேடம், சூளைக்காரர் கண்ணைத் திறந்துட்டார். தண்ணி கேட்டார். இனிமே பயமில்லை.” குரலில் அவ்வளவு சந்தோஷம்.

“நல்லது” என்றாள். போனை வைத்துவிட்டு மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அவளுக்கு வந்தது ஏமாற்றம். வேறு பெயர் சொல்லித் தப்பிக்க முடியாத ஏமாற்றம்.

அதற்குப் பிறகு கணக்கு மூன்றைத் தொடவே இல்லை. அடுத்த வியாழன் செயலாளர், இவ்வளவு கடுமையான கோடையில் இரண்டே மரணம் என்பது குழுவின் கூட்டு முயற்சிக்குக் கிடைத்த பலன் என்று பதிவு செய்தார். இன்னொரு ஊரிலிருந்து நாலு அதிகாரிகள் திட்டத்தைப் பார்க்க வந்தார்கள். ஆறு துறைகளை எப்படிச் சம்மதிக்கவைத்தீர்கள் என்று குறிப்பேட்டோடு கேட்டார்கள். பதினான்காம் பக்கத்தை எடுத்துக்கொள்ளாதீர்கள், அது ஆளைக் கொல்லும் என்று அவள் நேரடியாகவே சொன்னாள். அவர்கள் மரியாதையாகத் தலையாட்டினார்கள். போகும்போது அவர்களில் மூத்தவர் தயங்கி நின்றார்.

“தப்பா நினைக்காதீங்க மேடம். எங்க ஊர்லயும் அந்த ஒரு இடத்துலதான் மாட்டிட்டு நிக்குது. மத்த பக்கமெல்லாம் நாங்களே எழுதிக்குவோம். எங்களுக்கு வேண்டியது அந்த வரிதான்.”

அன்று பகல் அவள் காரை எடுத்துக்கொண்டு புறவழிச் சாலைக்குப் போனாள். மணி ஒன்றரை. சாப்பாட்டு இடைவேளை. ரோலரின் நிழலில் ஏழெட்டுப் பேர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அண்ணி காலை நிழலுக்குள் மடக்கிக்கொண்டு, தலைத்துணியை நனைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“கார்ல வந்து உக்காருங்க அண்ணி. ஏசி ஓடுது.”

“அதுல உக்காந்துட்டு மறுபடி வெளிய வந்தா தாங்காது. நீ இப்படி வா.”

மற்றவர்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். அவள் உட்கார்ந்தாள். ரோலரின் இரும்பு முதுகில் பட்டதும் சுரீரென்றது. வரியை மாற்ற முடியவில்லை என்று சொன்னாள். அண்ணி எதிர்பார்த்திருந்தவள் போலத் தலையசைத்தாள். பிறகு அவள் அண்ணியிடம் சூளைக்காரரைப் பற்றியும் சொன்னாள். கட்டிலோரம் நின்று தான் என்ன நினைத்தோம் என்பதையும் சொல்லிவிட்டாள். திட்டுவாள் என்று நினைத்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது.

அண்ணி துணியைப் பிழிந்தாள். “அந்த ஆளு பொழைச்சுட்டானா?”

“பொழைச்சுட்டார்.”

“எந்தச் சூளை?”

“ஆத்துக்கு அந்தப் பக்கம். ஏன் அண்ணி?”

“வேலைக்கு வந்துட்டானா?”

“தெரியல. டிஸ்சார்ஜ் ஆகி நாலு நாள் ஆச்சு.”

“அப்போ வந்திருப்பான்” என்றாள் அண்ணி.

மேஸ்திரி விசில் ஊதினான். எல்லோரும் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள். அண்ணி ஈரத்துணியைத் தலையில் சுற்றி, அதன்மேல் சும்மாட்டை வைத்துக்கொண்டு ஜல்லிக் குவியலைப் பார்த்து நடந்தாள். டிரைவர் காரைக் கொஞ்சம் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்திக் கதவைத் திறந்துவிட்டான். அவள் ஏறவில்லை. ரோலர் கிளம்ப வேண்டும், வழியை விடுங்கம்மா என்று ஒருவன் சொல்லும்வரை அங்கேயே நின்றாள்.